மஞ்சள் ஜாக்கெட்

"கையைத் தூக்குடா. வயித்தை எக்காதே, டிசம்பர்ல உனக்கே இறுக்கும்!"

கேப்டன் டேரன் ஓயாலாவின் மார்பில் அளவு நாடாவைச் சுற்றியபடி கர்ட் லஷான்ஸ் சொல்ல, உடைமாற்றும் அறையே சிரித்தது. கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கே தலைவர், தானே வந்து ஐஸ் ஹாக்கி பையன்களுக்கு அளவெடுக்கிறார். கிறிஸ்துமஸ் கோப்பைக்காக இருபத்தாறு பேருக்கும் புது ஜாக்கெட்.

"மஞ்சள் துணியா? நம்ம கலர் பச்சையாச்சே கர்ட்," என்றார் கோச் வெய்ன் கர்வோலா.

"தூரத்துலேர்ந்து பாத்தாலும் பளிச்சுனு தெரியணும் வெய்ன். இந்த வருஷம் கூட்டம் நிறைய வரப் போகுதுல்ல?"

வந்தால் போதும் என்பதுதான் வெய்னின் கவலையே. இவர்கள் கல்லூரி ஐம்பத்தேழு வருடமாக விடுமுறையில் நடத்திவரும் நான்கு அணிப் போட்டி அது. ஒரு காலத்தில் ஏரிப்பக்கமிருந்து பனிப்புயல் அடித்தாலும் டிக்கெட் கிடைக்காது. இப்போது நாலாயிரம் இருக்கைகளுக்கு அறுநூறு பேர், அதிலும் பாதி வீரர்களின் மாமா அத்தைகள்.

"வரப்போறது எனக்குக் கடைசி வருஷம் கோச். ஒரே ஒரு தடவை நிறைஞ்ச அரங்கத்தைப் பாத்துட்டா போதும்," என்று டேரன் போன மார்ச்சில் சொல்லியிருந்தான். வெய்ன் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். பெரிய அணிகள் வந்தால்தான் கூட்டம் வரும். பெரிய அணிகளோ இவர் வாசலை மிதிக்கவே தயாராக இல்லை.

நாட்டின் முதல் பத்து இடங்களுக்குள் இருக்கும் அணியின் கோச் கில், படிக்கும் காலத்தில் வெய்னின் அறைத்தோழன். அவனே கைவிரித்தான்.

"டேய் வெய்ன், உன் பசங்களை ஜெயிச்சா தரவரிசை போடற கம்ப்யூட்டர் எனக்கு அரை மார்க் கூடப் போடாது. தப்பித்தவறி தோத்தேன்னு வை, தரவரிசையில சறுக்கி, மார்ச்ல தேசியப் போட்டி நடக்கும்போது நான் சோபாவுல உக்காந்து பாப்கார்ன் திங்கணும்."

மற்ற மூன்று பெரிய கோச்சுகளும் இதையேதான் சொன்னார்கள். ஒருவர் சொல்லக்கூட இல்லை, சிரித்துவிட்டு போனை வைத்தார்.

"நேர்ல போய்ப் பேச்சை ஆரம்பிச்சு மட்டும் குடுங்க வெய்ன். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றார் கர்ட்.

வெய்ன் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை எடுத்தார். மனைவி கட்டிக்கொடுத்த, கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி ரொட்டியைக் காரிலேயே தின்றுகொண்டு, நானூறு மைல், ஐந்நூறு மைல் என்று போய் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார். சிரித்தவர் முன்னாலும்தான். அவர் போய்விட்டு வந்த பிறகு கர்ட் ஒரு போன் பேசுவார். என்ன மாயமோ, மறுநாளே சம்மதம் வந்துவிடும்.

"மூணு டீம் ஆச்சு கர்ட்! நம்மளோட நாலு!" வெய்ன் சின்னப் பையனைப் போலக் கத்தினார்.

"எதுக்கும் இன்னொண்ணு புடிச்சு வைங்க. பனியில ஒரு பஸ் மாட்டிக்கிட்டா என்ன பண்றது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதற்காக வெய்ன், வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். கில்லிடம் பழைய உதவியைச் சொல்லிக்காட்டினார்.

"உன் கால் உடைஞ்ச வருஷம் உன்னை முதுகுல சுமந்துட்டுப் போய் கிளாஸ்ல உக்கார வெச்சவன் கேக்கறேன்டா."

கில் கர்ட்டிடம் பேசிவிட்டு மறுநாள் கூப்பிட்டான். "வர்றேன்டா. ஆனா உனக்கு ரொம்பப் பெரிய மனசு. நானா இருந்தா என் பசங்களுக்கு இதைச் செய்ய மாட்டேன்."

பலசாலிகளை வீட்டுக்கே கூப்பிட்டுத் தன் பையன்களை அடிவாங்க விடுவதைத்தான் சொல்கிறான் என்று வெய்ன் நினைத்துக்கொண்டார். பத்து கோல் வாங்கினால்தான் என்ன? நிறைந்த அரங்கத்தில் வாங்கட்டுமே.

அக்டோபரில் போட்டியை அறிவிக்கும் நாள் வந்தது. டேரனும் பையன்களும் பச்சைச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, கர்ட் பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார். நான்கு அணிகளின் சின்னங்கள். வெய்ன் இரண்டு முறை எண்ணினார். நான்கிலும் பச்சை இல்லை. நாலாவது சின்னம் கில்லுடையது.

கைதட்டலுக்கு நடுவே கர்ட்டின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "கில் டீமை யாராவது வராட்டி இறக்கத்தானே புடிச்சோம்? நாங்க எங்கே?"

"நீங்க ஆடினா வரமாட்டோம்னு நாலு பேருமே சொல்லிட்டாங்க வெய்ன். ஆட மாட்டீங்கன்னு எழுதிக் குடுத்த பிறகுதான் கையெழுத்தே போட்டாங்க."

"போட்டியே நம்மளுது கர்ட்! ஐம்பத்தேழு வருஷமா நாம ஆடாம நடந்ததே இல்லையே!"

"அது பழக்கம். நடத்தற காலேஜ் ஆடியே ஆகணும்னு எங்கயும் எழுதி வைக்கலை, தேடிப் பாத்துட்டேன்."

ஜாக்கெட் பெட்டிகள் மேடையருகிலேயே இருந்தன. என்ன நடக்கிறது என்று புரியாமல், டேரன் தன் பெயர் ஒட்டியிருந்த மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். அளவு கச்சிதமாக இருந்தது. அவன் திரும்பியபோது முதுகில் கொட்டை எழுத்தில் தெரிந்தது: 'இருக்கை காட்டுபவர்'.

வெய்ன் கர்ட்டின் பக்கம் திரும்பினார். "அவன்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன் கர்ட்?"

கர்ட் அவர் தோளில் தட்டினார்.

"நிறைஞ்ச அரங்கத்தைப் பாக்கணும்னுதானே ஆசைப்பட்டான்? நல்லா பாக்கட்டும்."