கார்மடி சொன்ன ஒரு வார்த்தை

"மூணாவது பேஸ் வரைக்கும் நல்லாத்தான் ஓடறான். அதுக்கப்புறம் கால்ல வேர் முளைச்சிடுது."

ஃபென் சொன்னதும் பெஞ்சே சிரித்தது. ஏமஸ் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான்.

1887. ஒஹையோவின் அந்த பேஸ்பால் அணியில் அவன் ஒருவன்தான் கறுப்பன். அவனுக்கு அடுத்து மட்டை பிடிப்பவன் ஃபென். மூன்றாவது பேஸில் வேறு யார் நின்றாலும் ஃபென் அடிக்கும் பந்து வேலியைத் தொடும். நிற்பவன் ஹோமுக்கு ஓடி வந்து ரன் எடுப்பான். ஏமஸ் நின்றால் மட்டும் ஃபென் காற்றில் மட்டையை வீசிவிட்டு அவுட்டாகிப் போவான்.

மே மாதமே ஏமஸுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

சீசனின் கடைசி ஆட்டம். கேப்டன் கார்மடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சாப்பாட்டு மேஜையில்கூட அப்படி உட்கார்ந்தவனில்லை.

"ஹார்ட்விக்கும் நானும் ரன்ல சமமா நிக்கிறோம். அவன் டீமுக்கு ஆட்டம் முடிஞ்சு போச்சு. இன்னிக்கு ஒரே ஒரு ரன் எடுத்தா லீக்லயே நான்தான் முதல்."

"எடுத்துடுவீங்க கேப்டன்."

"நான் மூணாவது பேஸ்ல நின்னா, நீ அவுட்டானாலும் பரவாயில்ல, என்னை ஹோமுக்குக் கொண்டு வந்துடு. சாயங்காலம் முதலாளி அடுத்த வருஷத்து ஆளுங்களை முடிவு பண்றார். உனக்காக ஒரு வார்த்தை சொல்றேன்."

"நிஜமாவா?"

"மாதா மேல சத்தியம்."

இடம் கிடைக்காவிட்டால் மறுபடி செங்கல் சூளைதான். ஏமஸ் தலையாட்டினான்.

கடைசிக் கட்டத்தில் கார்மடி மூன்றாவது பேஸில் நின்றான். ஓங்கி அடித்தால் ஏமஸுக்கே பேர் கிடைக்கும். பந்து உயரப் போய்ப் பிடிபட்டால் எல்லாம் போச்சு. அவன் மட்டையை நீட்டிப் பந்தை மெல்லத் தட்டி உருட்டிவிட்டான். எதிரணி அதை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவனை அவுட்டாக்குவதற்குள் கார்மடி ஹோமை மிதித்துவிட்டான்.

கார்மடியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். "அவுட்டாகறதுக்குன்னே பொறந்தவன்டா" என்றான் ஃபென்.

சாயங்காலம் முதலாளி ஹாலிஸ் ஏமஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"கார்மடி உனக்காக ரொம்பப் பேசினான்."

ஏமஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"உன்னை வெளிய அனுப்பச் சொல்லி மத்தவங்க ஒத்தைக் கால்ல நின்னாங்க. அவன் மட்டும் விடவே கூடாதுன்னுட்டான். உன்னை எங்க ஆளாவே வெச்சுக்கறோம்."

"ரொம்ப நன்றிங்க ஐயா. வர்ற வருஷம் இன்னும் நல்லா ஆடறேன்."

"ஆடறதா? உன்கூட இறங்க மாட்டேங்கிறாங்களேப்பா. ஆட்டமெல்லாம் கிடையாது."

"அப்போ சம்பளம்?"

"ஆடாதவனுக்கு ஏது சம்பளம்?"

ஏமஸ் தொப்பியை மறுபடி தலையில் வைத்தான்.

"அப்போ என்னை விட்டுடுங்க ஐயா. ஹார்ட்விக் டீம்ல கூப்பிடறாங்க."

"நாங்க விடாம வேற டீம் உன்னைத் தொட முடியாது. லீக் சட்டம்."

"ஆடவும் விடாம, போகவும் விடாம, என்னை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

ஹாலிஸ் சுருட்டைப் பற்ற வைத்தார்.

"கார்மடிதான் சொன்னான். அங்க போய் ஹார்ட்விக்குக்கு அடுத்து நீ மட்டை பிடிச்சா, அடுத்த வருஷம் ரன்ல அவன்தான் முதலாம்."