என்ன முறை?

வாவியில் பட்டுத் தெறித்த வெயில் வீட்டு முகட்டில் நெளிகிறது. கீழே மேசையில் ஆயுள் காப்புறுதி விண்ணப்பம் விரிந்து கிடக்கிறது. முகவர் உதயரூபனின் பேனை ஒரு கட்டத்தின்மேல் அசையாமல் நிற்கிறது. புதிதாக இராணுவ அதிகாரியான டரலின் தோளில் ஒற்றை நட்சத்திரம் மினுங்குகிறது. நாளை அவன் முகாமுக்குத் திரும்ப வேண்டும். தகப்பன் கிளோட் கதிரையில் முதுகு சாயாமல் இருக்கிறார். மகனுக்கு ஒன்று நடந்தால் பணம் யாருக்கு என்று முகவர் கேட்டதும், தாய் எல்சியின் பெயரைத் தகப்பன்தான் சொன்னார். மகனோ மறித்து வேறு பெயர் சொல்லிவிட்டான். விதுர்ஷா. கல்லடியில் இருக்கும் யோகராசாவின் மகள், சைவப் பிள்ளை. இந்தப் பறங்கிக் கிறிஸ்தவ வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

“அவ உங்களுக்கு என்ன முறை, தம்பி?”

டரலின் காதுமடல் சிவக்கிறது. எல்சி தேநீர்க் கோப்பையை முகவர் முன் வைக்கிறார்.

“சிநேகிதி எண்டு போடட்டா?” உதயரூபன் சிரிக்கிறான். “கனபேர் அப்பிடித்தான் சமாளிக்கிற.”

கிளோடின் விரல்கள் கதிரைக் கையை இறுக்குகின்றன. அவர் மெல்ல எழுகிறார்.

“எங்கட குடும்பத்துப் பேரோட ஒரு பொம்பிளைப் புள்ளைய அப்பிடி எழுதேலா. பேனையை மூடுங்க. எல்சி, என்ட கோட்டை எடு.”

“எங்க டாடா?” டரல் பாய்ந்து எழுகிறான்.

“கல்லடிக்கு. நீ இரி மனே. பொண்ணு கேக்கிறது தகப்பன்ட வேலை.”