திருச்சியில் இறங்கும் வழி

கோபித்துக்கொண்டு திருச்சியில் அம்மா வீட்டுக்குப் போன மங்கை, ஒரு வாரமாகக் கணவன் திருமாறனின் போனை எடுப்பதே இல்லை. ஆனால் இருவரும் இணையம் வழியே கணினியில் ஆடும் விமான விளையாட்டில், மாலை ஆறு மணிக்குத் திருச்சி கட்டுப்பாட்டு அறையின் குரல் அவள்தான். எந்த விமானி கூப்பிட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். மதியமெல்லாம் உட்கார்ந்து பறக்கும் வழியைத் திட்டமிட்ட திருமாறன், சென்னையிலிருந்து பறந்து வந்து இறங்க அனுமதி கேட்டான்.

“ஓடுபாதை காலியில்லை. வட்டமடிங்க.”

வேறு விமானமே இல்லை என்பது அவன் திரையிலும் தெரிந்தது. வட்டமடித்தான். மூன்று சுற்றுக்குப் பிறகு அவளே கேட்டாள்.

“எரிபொருள் எவ்வளவு இருக்கு?”

“திரும்பிப் போற அளவுக்கு இல்ல.”

“அதுகூடவா கணக்குப் போடத் தெரியாது?”

“கணக்குப் போட்டுத்தான் நிரப்பினேன், மங்கை.”



“இறங்குங்க” என்றாள்.

விமானம் இறங்கி நின்ற பிறகும் அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை.