நூற்றுக்கு நூறு ஒரிஜினல்

“ஏனுங்க்கா, என்னைய எப்பக் கழட்டி விடப்போறீங்க?”

கிட்டார் வாசிக்கும் ஆஸிம் ஒருமுறை லோகப்பிரியாவிடம் இப்படிக் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். “போ தம்பி, உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?” என்று அவளும் சிரித்துவைத்தாள்.

அந்த நாள் இந்தச் செவ்வாய்க்கிழமைதான் என்று இப்போது முடிவாகிவிட்டது.

விளம்பரப் பாட்டுகளுக்கு இசையமைப்பது லோகப்பிரியாவின் தொழில். வீட்டு மாடியிலேயே ஸ்டூடியோ. கிரைண்டர், கோழி மசாலா, பட்டுப்புடவை, எது வந்தாலும் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுவாள். கிட்டார் மட்டும்தான் கம்ப்யூட்டரில் சரியாக வராது. அதற்காகத்தான் ஆஸிம். உக்கடத்திலிருந்து பஸ் பிடித்து அவன் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். வாசிக்கும்போது விரல் கம்பியில் இழுபட்டுக் ‘கிறீச்’ என்னும். அந்தக் கிறீச்சுக்காகவே நாலு தடவை திரும்ப வாசிக்கச் சொல்வாள். போதாக்குறைக்கு, “கம்பி பழசாயிருச்சுங்க்கா, புதுசு வாங்கிக் குடுங்க” என்று மூன்று மாதமாக நச்சரிப்பு வேறு.

கிணத்துக்கடவுத் தேங்காய் எண்ணெய்க் கம்பெனி ஒன்று வருடம் முழுவதற்கும் பாட்டுக் கேட்டிருந்தது. நல்ல கிட்டார் லைப்ரரி ஒன்று கிடைத்துவிட்டால் ஆஸிமே தேவையில்லை. நிஜக் கிட்டாரின் ஒவ்வொரு மீட்டலையும் தனித்தனியாகப் பதிந்து, வேண்டியபடி கோத்துக்கொள்ளத் தருகிற தொகுப்பு அது. ஆஸிமுக்கு வேறு நிரந்தர வேலை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் என்ன செய்வது?

காலையில் அவனுக்குப் போன் செய்தாள். “இன்னிக்கு வர வேண்டாந் தம்பி. எங்க சித்தி ஊட்டு விசேசத்துக்குக் காரமடை போறேன்.”

“பரவால்லீங்க்கா. எனக்கும் இன்னிக்கு ஒரு சோலி இருக்குதுங்க.”

பொய் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவளுக்கு நிம்மதி.

காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, இந்த மாதிரி லைப்ரரிகளை விற்கும் மருதாசலத்தின் அலுவலகம். பிளைவுட் தடுப்பு போட்ட ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர்.

“கால் விலைக்குத் தர்றீங்களே, திருட்டுக் காப்பிங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். ஆமாம் என்றாலும் வாங்கிவிடுவதாகத்தான் இருந்தாள்.

“ஏனுங்க மேடம், இப்படிச் சொல்லிப்போட்டீங்க! நூத்துக்கு நூறு ஒரிஜினலுங்க.”

முதல் லைப்ரரியைப் போட்டுக் காட்டினார். திருவிழாவில் விற்கும் பொம்மைக் கிட்டார் மாதிரி இருந்தது. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் எல்லா அடியும் ஒரே அச்சு.

“ஆணி அடிக்கற மாதிரியே இருக்குதுங்க” என்றாள்.

“மூணாவதுதானுங்க நம்ம ஸ்பெசல். கீபோர்டை மட்டுந் தொட்டுப்போடாதீங்க, லைசன்ஸ் போடற வரைக்கும் அது லாக்குங்க. என்ன வேணும்னு வாயில சொல்லுங்க, நான் அடிக்கறேன்.”

“ஏ மைனர் சுருதியில. மெதுவா.”

“ஏ மைனருங்களா! மெதுவாங்களா!” என்று கத்திக்கொண்டே தட்டினார் மருதாசலம். “எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க. அதான் சத்தம்.”

பத்து நொடி ‘லோடு’ ஆயிற்று. பிறகு ஸ்பீக்கரிலிருந்து கிட்டார் எழுந்தது.

லோகப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு மீட்டல் மாதிரி இன்னொரு மீட்டல் இல்லை. ஓரிடத்தில் லேசாகத் தயங்கி, அடுத்த இடத்தில் ஓடிப் பிடித்தது. நடுவில் விரல் கம்பியில் இழுபட்டது.

“கிறீச்சுகூட இருக்குதுங்களே! இதுதானுங்க உசுரு!”

“மேடம் ரசிகருங்க” என்றார் மருதாசலம்.

“இன்னுங் கொஞ்சம் வேகமா?”

“வேகமாங்களா!”

வேகம் கூடியது. அவள் கைப்பையைத் திறந்து அட்வான்ஸை எடுத்தாள்.

“எங்கிட்ட ஒருத்தன் வாசிக்கறானுங்க. மூணு வருசமாச்சு, இந்த மாதிரி ஒரு நாள் வாசிச்சதில்லீங்க. இதுல காவாசி வரோணும்னாலும் அவன் இன்னொரு பிறவி எடுக்கோணும். நாளைக்கே நிறுத்திப்போடறேன்.”

ஸ்பீக்கரில் வேகம் இன்னும் கூடியது. யாரும் கேட்காமலேயே கூடியது. ஒவ்வொரு அடியும் கன்னத்தில் விழும் அறை மாதிரி விழுந்தது. அப்புறம் ஒரு பெரிய ‘டங்!’

கிட்டார் நின்றுவிட்டது.

“என்னங்க அது?”

மருதாசலம் கீபோர்டில் சும்மாவே இரண்டு தட்டுத் தட்டினார். “கம்பி அறுவறதுங்க மேடம். அதையுஞ் சேர்த்துப் பதிஞ்சிருக்காங்க. வேற எந்தக் கம்பெனியிலயும் இது கிடைக்காதுங்க.”

ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள்.

“இருமறதுங்களா?”

மருதாசலம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

பணத்தைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, லோகப்பிரியா எழுந்து போய்ப் பிளைவுட் தடுப்பின் கதவைப் பிடித்து இழுத்தாள். மெல்லிய பலகை, இந்தப் பக்கம் முணுமுணுத்தாலே அந்தப் பக்கம் கேட்கும். உள்ளே ஒரு முக்காலி, ஒரு மைக், பாதி குடித்த டீ.

அறுந்த பழைய கம்பியைச் சுருட்டி அவள் கையில் வைத்துவிட்டு, கிட்டாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான் ஆஸிம்.