நீலவரித் தேனீயின் வாசல்

தேனீ வந்துவிட்டது. ஆனால் இறங்கவில்லை.

குளத்துக் கரைச் செம்மண்ணுக்கு மேல் சுற்றியது. போனது. திரும்பி வந்து மறுபடியும் சுற்றியது. வயிற்றில் நீல வரிகள். பின்னங்கால்களில் மகரந்தம் அப்பியிருந்தது.

தேனீயை ஆராய வந்தவள் கரையில் குந்தியபடி அண்ணாந்து பார்த்தாள்.

"வழி மறந்துபோச்சோ?" என்றாள் ஆடு மேய்க்கும் பேச்சி. ஆடுகளைத் தள்ளி மடக்கி நிறுத்தியிருந்தாள்.

மறக்கவில்லை. தனியாக வாழ்கிற தேனீ இது. கூட்டம் கிடையாது, ராணி கிடையாது, உதவிக்கு ஒரு நாதி கிடையாது. தானே மண்ணைத் தோண்டி, அறை கட்டி, மகரந்தத்தைத் தேனில் பிசைந்து வைக்கும். இந்த நடையோடு அறை நிறைந்துவிடும். முட்டை இட்டு மூடுவதுதான் பாக்கி.

வெளியே கிளம்பும்போது, வாசலருகே கிடக்கிற கல்லையும் புல்லையும் மனதில் வாங்கிக்கொண்டுதான் கிளம்பும்.

அந்தக் கல்லின் மேல், அந்தப் புல்லின் மேல், முள்ளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆடு மிதித்துவிடுமே என்ற பயம். மற்ற வாசல்களெல்லாம் குளம்பு பட்டுத் தூர்ந்துபோய்விட்டன. மிச்சம் இது ஒன்றுதான். தேனீ வெளியே போயிருந்த நேரத்தில், முள் போட்டு மறைக்கலாமா என்று அவள்தான் பேச்சியிடம் கேட்டாள். பேச்சியும் பாவம் பார்த்து உடைமரக் கிளைகளை வெட்டிவந்து நெருக்கமாகப் போட்டாள்.

ஆராய்ச்சிக்கு வந்தவள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே. வேலி போடவா வந்தாள்? கூறுகெட்டவள்.

"எடுத்துருவோம்க்கா."

பேச்சியிடம் சொல்லிவிட்டு, அவளே முதல் கிளையை இழுத்தாள். முள் உள்ளங்கையில் ஏறியது. இன்னொன்று துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அந்த இன்னொருத்தியைப் பார்த்தாள்.

கருத்த உடம்பு, வெளிர்நீலப் புள்ளிகள். காலில் மகரந்தம் இல்லை. எப்போதும் இருக்காது.

குயில் தேனீ.

தனக்கென்று கூடு கட்டாது. வீட்டுக்காரி வெளியே போன நேரம் பார்த்து நுழைந்து, அவள் கட்டிய அறையில் முட்டை வைத்துவிட்டுப் போகும். அதன் புழு வீட்டுப் பிள்ளையைக் கொன்று, வைத்திருப்பதையெல்லாம் தின்று வளரும்.

எவ்வளவு நேரமாகப் புல் நுனியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்திருந்ததோ. இப்போது முள்ளுக்கடியில் சாவகாசமாக நடந்து போனது.

"சூ! ஏய்! போ, போயிரு!"

கையை நீட்ட முடியவில்லை. முள் விடவில்லை.

அது உள்ளே போய்விட்டது.

மேலே நீலவரித் தேனீ சுமையோடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஐயோ, இறங்கேன். இறங்கித் தொலையேன்.

குயில் தேனீ வெளியே வந்தது. முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பறந்தது.

பேச்சி கடைசிக் கிளையையும் தூக்கி எறிந்தாள். கல் தெரிந்தது. புல் தெரிந்தது.

தேனீ உடனே இறங்கி நேராக வாசலுக்குள் புகுந்தது.

காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மண்ணுக்குள்ளிருந்து ரீங்காரம் கேட்டது. முட்டை இட்டாயிற்று. அறையை மூடுகிறது.

"பாத்தியா தாயி! அவ வீட்ட அவளே கண்டுபுடிச்சிட்டா. நீதான் கெடந்து பதறுன." பேச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே புள்ள பொழச்சிக்கிடும்லா?"

அந்தக் கருத்த தேனீ உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனதென்று பேச்சிக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது? எதைச் சொல்வது? அவள் முள் ஏறிய உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"ம்" என்றாள்.

பேச்சி ஆடுகளை வழக்கமான தடத்தில் விடவில்லை. பிள்ளை இருக்கிற இடமென்று, கரையை விட்டுக் கீழே இறக்கி, சுற்றி ஓட்டிக்கொண்டு போனாள்.