தனி வயலின்

"போட்டோல ஆளை வெட்டிட்டீங்க, சரி. இந்தக் கையை என்ன பண்ணப் போறீங்க?"

மனைவி கேட்டதும் வயலின்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற, மேடையில் கூடவே கீபோர்டு வாசித்த நண்பரை அழித்தாகிவிட்டது. ஆனால் அவர் கை மட்டும் இவர் தோளைப் பிடித்தபடி அப்படியே இருந்தது.

நாளைக் காலையில் இவருடைய சொந்த இணையதளம் திறக்கிறது. எழுத்து, நிறம், படம் எல்லாம் சொந்தக் கைவண்ணம். நண்பர் இறந்ததிலிருந்து வயலினைத் தொடவில்லை. டிசைன், டிசைன் என்று கம்ப்யூட்டரே கதியாகக் கிடக்கிறார். தளம் பிடித்துப்போனால் ஒரு பெரிய நிறுவனம் தனிக் கச்சேரிகளுக்கு ஒப்பந்தம் போடும். அதனால் தளத்தின் பெயரே ‘தனி வயலின்’.

"இதென்ன பிரமாதம்?" என்று கையின் மேல் மௌஸைத் தேய்த்தார். விரல்கள் மறைந்தன. விரல்கள் அழுத்தியிருந்த இடத்தில் சட்டை மட்டும் குழிந்தே இருந்தது.

"ஐயோ, இதுக்கு அந்தக் கையே இருந்திருக்கலாம். யாரோ கண்ணுக்குத் தெரியாம பிடிச்சிருக்கிற மாதிரி இருக்குங்க."

"சும்மா இரு. உயிரோட இருந்த வரைக்கும் என் தோள்ல ஏறிச் சவாரி பண்ணினான். இப்பவாவது இறங்கட்டும்."

"அண்ணனை அப்படிச் சொல்லாதீங்க. உங்க மணிக்கட்டு முறிஞ்சப்ப ஆஸ்பத்திரியை விட்டு நகராம இருந்தவரு."

"இருந்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா மணிக்கட்டு சரியான பிறகுதானே என் வேகமே கூடிச்சு? பத்திரிகைக்காரன் எல்லாம் எழுதினானே! வாசிச்சது நான், பேருல பாதி அவனுக்கா?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

பாட்டு மட்டும்தான் பாக்கி. கடைசிக் கச்சேரியின் பதிவில் தன் மைக்கில் விழுந்ததை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தார். "ரெண்டும் சேர்ந்தே இருக்கட்டுமே சார்" என்று சவுண்ட் இன்ஜினியர் இழுத்துப் பார்த்தார். இவர் விடாப்பிடியாக நின்றதும், இருவருடையதையும் தனித்தனியாக அனுப்பிவிட்டார்.

தன்னுடையதைப் போட்டார். ஆரம்பம் தேன்.

"கேட்டியா?" என்றார் பெருமையாக.

வேகமான பகுதி வந்தது. வயலின் தடுக்கியது. ஒரு ஸ்வரம் விட்டுப்போனது, அடுத்தது கீச்சிட்டது. அதற்குப் பின்னால், எங்கோ மூடிய அறைக்குள்ளிருந்து வருவது போல, இன்னொரு வயலின் பிசிறில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை அணைத்தார். அந்த வயலின் நிற்கவில்லை. பதிவை நிறுத்தினார், அதுவும் நின்றது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது.

"மேடையில வயலின் நீங்க ஒருத்தர்தானே?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"ஒருத்தன்தான்."

"அப்ப அது யாரு?"

கீபோர்டு சத்தத்தையாவது கேட்டு மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நண்பரின் பதிவைத் திறந்தார்.

உள்ளே வயலின். காதோரம் நின்று வாசிப்பது போல அவ்வளவு கிட்டத்தில். அதே பகுதி, பத்திரிகைகள் புகழ்ந்த அதே வேகம். செத்துப்போனவன் இவருடைய வயலினை வாசித்துக்கொண்டிருந்தான்.

மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சவுண்ட் இன்ஜினியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஃபைலை மாத்தி அனுப்பிட்டீங்களா?"

"இல்ல சார். சரியாத்தான் அனுப்பினேன்."

"அவன் ஃபைல்ல என் வயலின் எப்படிய்யா வந்துச்சு?"

மறுமுனையில் அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அது உங்க வயலின் இல்ல சார். கீபோர்டுல வயலின் சத்தத்தை வச்சு அவர் வாசிச்சது. மணிக்கட்டு முறிஞ்ச பிறகு வேகமான இடம் எதுவுமே உங்களுக்கு வரலை. அந்த இடம் வந்தா, அவர் சொல்லியிருந்தபடி உங்க மைக் சத்தத்தை நான் குறைச்சிடணும், உங்க முன்னாடி இருந்த ஸ்பீக்கர்லயும் அவர் வாசிப்பைத்தான் ஏத்தணும். மேடை இரைச்சல்ல நீங்க உங்களோடதுன்னே நினைச்சுக்குவீங்க. ஸ்பீக்கர்லேர்ந்து வந்ததுதான் உங்க மைக்குலயும் லேசா விழுந்திருக்கு."

"எந்தக் கச்சேரில?"

"எல்லாக் கச்சேரிலயும் சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா?"

"நானும் கேட்டேன் சார். ‘தெரிஞ்சா அன்னிக்கே வில்லைக் கீழே வச்சுடுவான். வாசிக்கிறது அவன்தான்னு அவன் நம்பணும். நான்தான்னு ஊருல ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்’னுட்டாரு."