கட்சி அட்டை

துவைக்கப் போட்ட சட்டைப் பைக்குள் கை விட்டவள் திடுக்கிட்டுப் போனாள்.

கட்சி அட்டை! கணவனின் படம் ஒட்டி, முத்திரை குத்தி, மடிப்புக் கலையாமல் புத்தம் புதுசாக.

"என்னங்க இது?"

ஆலை மூடி ஏழு மாதமாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போதும் சுவரைத்தான் பார்த்தான்.

"கேக்கறேன்ல? வந்தேறிங்களை விரட்டினா வேலை வரும்னு மைக் வச்சுக் கத்துறானுங்களே, அந்தக் கட்சியா?"

"அட்டை இருந்தாத்தான் கிடங்குல மூட்டை தூக்க விடுறாங்க."

"மூட்டை தூக்கக்கூடக் கொள்கை வேணுமாக்கும்! பக்கத்து வீட்டு அண்ணன் யாரு? அவனுங்க சொல்ற வந்தேறிதானே? பத்து வருஷம் உங்க பக்கத்து மெஷின்ல நின்னவரு. பாப்பா பிறந்தப்போ எனக்கு ரத்தம் கொடுத்தவரு."

"நான் யாரையும் விரட்டப் போறதில்ல."

"ஆமா, ஊர்வலத்துல சும்மா காத்து வாங்கப் போறீங்க!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இந்தச் சங்கதி அடுத்தவர் வாய் வழியாக அண்ணன் மனைவியான அந்த அக்கா காதுக்குப் போகக் கூடாது. தானே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கதவு திறக்க நேரமானது. உள்பக்கம் புதிதாக இரண்டு தாழ்ப்பாள்கள்.

"அக்கா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. எங்க வீட்டு மனுஷன் அந்தக் கட்சில போய்ச் சேர்ந்துட்டாரு."

"தெரியும்மா."

"தெரியுமா! யாரு சொன்னா?"

"விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே எங்க வீட்டுக்காரர்தான். உன் புருஷன் ரெண்டு நாளா முடியவே முடியாதுன்னாரு. இவருதான் கெஞ்சிக் கூத்தாடிக் கையெழுத்துப் போட வச்சாரு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா? எங்க வீட்டு அடுப்பு எரியணும்னா?"

"அதுவும்தான்." அக்கா பாப்பாவின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "போன வாரம் அந்தக் கட்சி ஆளுங்க எங்க சனத்தை விரட்டப் பின்தெருவுக்கு வந்தாங்க. இங்கேயும் வருவாங்க. வர்ற கூட்டத்துல, எங்க பிள்ளைங்க பேரு தெரிஞ்சவரு ஒருத்தராவது இருக்கட்டுமேன்னுதான்."